நின்றே கெடும் பேட்டரி

"எந்தக் கம்பெனி பேட்டரி நல்லா உழைக்கும்?" படூரில் என் கடைப் படியேறுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான். பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். "எங்கே வைக்கப் போறீங்க? யாரு பாத்துக்கப் போறாங்க?" விலையும் வாரன்டியும் சொல்வான் என்று வந்தவருக்கு இது பிடிக்காது. ஆனால் என் கடையின் பின்பக்கம் அடுக்கியிருக்கும் செத்த பேட்டரிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த முடிவு இதுதான்: உழைத்துத் தேய்ந்து போன பேட்டரி குறைவு. அரைகுறை சார்ஜில், கவனிக்க ஆளில்லாமல், சும்மா நின்று செத்ததே அதிகம். எல்லாக் கம்பெனிப் பேட்டரியும் அந்த அடுக்கில் கிடக்கிறது.

நான் தொழில் கற்றது லாரி, டிராக்டர் பேட்டரிகளில். சிறுசேரியில் சிப்காட் ஐடி பூங்கா வந்து, பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாக அகலமானதும் நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் என்று அடுக்குமாடிகள் எழுந்தன. அதே காலத்தில்தான் மின்வெட்டும் வந்தது. 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்குள் இரண்டு மணி நேர வெட்டு என்றால் வெளி மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. படூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது. ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள டியூபுலர் பேட்டரியை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போன தோள்வலிதான் எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த முதல் சம்பாத்தியம்.

அதற்குப் பிறகு வந்தவை கேரவன்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களில் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில், முட்டுக்காடு, கோவளம் பக்கமிருந்து ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும். "அண்ணே, வண்டில லைட்டு மங்கலா எரியுது, மேக்கப் ரூம்ல சார் உக்காந்திருக்காரு." கேரவன் என்பது சக்கரம் வைத்த வீடு. ஏசி, டிவி, தண்ணீர் மோட்டார், சின்ன ஃபிரிட்ஜ், கண்ணாடியைச் சுற்றி விளக்கு. ஏசி ஜெனரேட்டரில் ஓடும். ஷாட் ஓடும்போது ஜெனரேட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று நிறுத்தச் சொன்னால் மீதி எல்லாம் பேட்டரி தலையில் விழும். கடந்த சில ஆண்டுகளாக ஐடி கம்பெனிப் பிள்ளைகளும் வருகிறார்கள். பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் போட்டு, மாடியில் சோலார் பலகை வைத்து, ஊர் ஊராகப் போகிறவர்கள். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்த பிறகு அந்த ஆசை இங்கேயும் கூடியிருக்கிறது.

இந்த மூன்று இடத்திலும் பேட்டரி ஒன்றுதான், கெடும் காரணமும் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும்.

1859-ல் பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் முக்கியபோது பிறந்தது இந்தப் பேட்டரி. 1881-ல் காமில் ஃபோர் என்பவர் ஈயப் பசையைத் தகட்டில் அப்பும் வழியைக் கண்டார். அடிப்படை இன்றுவரை அதுதான். கரண்ட் எடுக்க எடுக்க, ஆசிட்டில் உள்ள கந்தகம் பிளேட்டில் போய் ஈய சல்பேட்டாகப் படிகிறது; ஆசிட் நீர்த்துத் தண்ணீராகிக்கொண்டே வருகிறது. சார்ஜ் ஏற்றினால் சல்பேட் கரைந்து ஆசிட் மறுபடி கெட்டியாகிறது. படிந்த சல்பேட் புதிதாக இருக்கும்வரை மெத்தென்று இருக்கும், சுலபமாகக் கரையும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் படிகம் பெரிதாகி இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்த இடம் திரும்ப வராது. "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்று கொண்டு வருகிற பேட்டரியைத் திறந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். சார்ஜரில் போட்டதும் வோல்டேஜ் சட்டென்று ஏறும், எடுத்ததும் அதே வேகத்தில் இறங்கும்.

கேரவனில் இரண்டு வகைப் பேட்டரி இருக்க வேண்டும். இன்ஜினைக் கிளப்புவது ஒன்று. அதன் பிளேட்டுகள் மெல்லிசு, எண்ணிக்கை அதிகம். ஓரிரு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே ஆல்டர்னேட்டரிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளும். உள்ளே விளக்கும் விசிறியும் ஓட்டுவது இன்னொன்று. அது மெதுவாக, மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும். டியூபுலரில் பாசிட்டிவ் பக்கத்துப் பசை நெய்த உறைக்குள் அடைபட்டிருப்பதால் ஆழமாக இறக்கினாலும் சட்டென்று உதிராது. ஸ்டார்ட்டிங் பேட்டரியை வீட்டு வேலைக்குப் போட்டால் ஒரு வருடம் தாங்குவது கஷ்டம். காசு மிச்சம் என்று அதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு கேரவன் எனக்கு நல்ல பாடம். லாரிச் சேஸியில் கட்டிய வண்டி, 24 வோல்ட்; 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் செத்தது. உரிமையாளர் ஒவ்வொரு தடவையும் செத்ததை மட்டும் மாற்றினார், கம்பெனியையும் மாற்றிப் பார்த்தார். கடைசியில் டிரைவர் என்னிடம் கொண்டுவந்து விட்டார். "ஏதோ சூனியம்ணே, இந்த மூலைல வச்சா தாங்கவே மாட்டேங்குது."

இன்ஜினை ஓட விட்டு மீட்டரை வைத்தேன். இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட், சரியாக இருந்தது. தனித்தனியாக வைத்தால் ஒன்றில் 13.3, இன்னொன்றில் 14.7. ஒன்று பட்டினி கிடக்கிறது, மற்றது மேலுக்கு மேல் வாங்கிக் கொதிக்கிறது. பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினால், பட்டினி கிடந்த பேட்டரியின் டெர்மினலிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் தரைக்கடியில் புகுந்து உள்ளே போகிறது. எவரோ எப்போதோ 12 வோல்ட் ஸ்டீரியோவுக்கும் எல்இடி பட்டைக்கும் அங்கிருந்து கரண்ட் திருடியிருக்கிறார்கள். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால், திரும்பக் கொடுப்பது இரண்டுக்கும் ஒன்றாகத்தான் போகும். எடுத்தது நிரம்பாது, எடுக்காதது வழியும். 24-ஐ 12 ஆக்கும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு, இரண்டு பேட்டரியையும் ஒரே நாளில், ஒரே ரகத்தில் மாற்றினேன். அதோடு சூனியம் விலகியது. பழசும் புதுசும் கலந்து போடக் கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வதும் இதனால்தான். சேர்த்துக் கட்டிய பேட்டரிகளில் பலவீனமானது எதுவோ அதன் ஆயுள்தான் மொத்தத்துக்கும்.

நின்று சாவது எப்படி என்று கோடம்பாக்கமே எனக்கு இரண்டு தடவை காட்டியது. 2018-ல் டிஜிட்டல் திரையிடல் கட்டணத் தகராறில் தயாரிப்பாளர்கள் மார்ச் முதல் தேதியிலிருந்து புதுப்படம் வெளியிடுவதை நிறுத்தினார்கள்; மாத நடுவில் படப்பிடிப்பும் நின்றது. ஏப்ரலில் பேச்சு முடிந்து வேலை தொடங்கியபோது வரிசையாகக் கேரவன்கள் வந்தன. எதுவும் கிளம்பவில்லை. 2020-ல் ஊரடங்காக வந்தது இதன் பெரிய அண்ணன். மார்ச்சில் நின்ற படப்பிடிப்புக்கு அனுமதி கிடைத்தது செப்டம்பரில். கேரவன் மட்டுமில்லை, அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நின்ற கார்களும் அப்படியே. வேலையே செய்யாத பேட்டரி ஏன் கெட வேண்டும் என்று எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள்.

கணக்குப் போட்டால் விடை வரும். வண்டியைப் பூட்டிவிட்டாலும் அலாரம், ஜிபிஎஸ், ஸ்டீரியோவின் கடிகாரம், கேஸ் கசிவு சென்சார், இன்வெர்ட்டரின் காத்திருப்பு என்று ஏதாவது ஒன்று உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள், ஒன்றுமேயில்லாத அளவு. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. மாதத்துக்கு 36. இரண்டு மாதத்தில் 72. நூறு ஏஎச் பேட்டரி அதற்குள் செத்துவிடும். பேட்டரி தானாக இறங்குவது இதில் சேரவில்லை. இன்வெர்ட்டரை ஆன் செய்தே விட்டுப் போனால் மாதம்கூட ஆகாது. இதற்கு மருந்து ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். நெகட்டிவ் கேபிளில் போட்டு, வண்டியை நிறுத்தும்போது திருப்பிவிட்டுப் போக வேண்டும். அதற்கு முன்னால் முழு சார்ஜ் ஏற்றியிருக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை சார்ஜரில் போட வேண்டும். "வாரம் ஒருதரம் இன்ஜின அஞ்சு நிமிஷம் ஓட விடறேண்ணே" என்பார்கள். கிளப்பச் செலவழித்ததே அந்த ஐந்து நிமிஷத்தில் சரியாகத் திரும்பாது. ஓட்டுவதானால் கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம்வரை போய் வாருங்கள்.

நின்ற வண்டிக்கு இன்னொரு கேடும் உண்டு. கெட்டி ஆசிட் கனமானது, அடியில் தங்கும். கலக்காத டீயில் சர்க்கரை தங்குகிற மாதிரி. மேலே நீர்த்தது, கீழே அரிப்பது. ஓடுகிற வண்டியில் குலுங்கிக் குலுங்கித் தானே கலந்துவிடும். நின்ற கேரவனுக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் அந்தக் குலுக்கல் கிடையாது. ஆசிட் ஊற்றிய வகைப் பேட்டரிக்கு எப்போதாவது வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்தி, செல்கள் பொங்கிக் குமிழி விடும்வரை ஈக்வலைஸ் சார்ஜ் கொடுப்பது இதற்காகத்தான். ஜெல், ஏஜிஎம் போன்ற சீல் வைத்த பேட்டரிகளுக்கு அதைச் செய்யவே கூடாது. உள்ளிருந்து ஆவியாய்ப் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற அதில் வழியில்லை.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். டிஜிட்டல் மீட்டர் மட்டும் வைத்துக்கொண்டு பேட்டரிக்கு ஜாதகம் கணிக்கிறவர்கள் ஏமாறுவார்கள். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே பார்த்தால் செத்த பேட்டரியும் 13 காட்டும். சில மணி நேரம் எந்த லோடும் இல்லாமல் ஓய்வில் விட்டுப் பார்க்க வேண்டும். 12.5-லிருந்து 12.7 என்றால் நிறைவு. 12.2-க்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 12-க்குக் கீழே இறங்கியதை அன்றைக்கே சார்ஜில் போட வேண்டும். இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், அதுவரை ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நிற்கிற 10.5 வோல்ட், பேட்டரியின் அடிமட்டம். தினமும் அடிமட்டம்வரை இறக்கினால் பாதியோடு நிறுத்தும் பேட்டரியைவிட மிகச் சீக்கிரம் போய்விடும்.

மீட்டர் சொல்லாததை ஹைட்ரோமீட்டர் சொல்லும்; ஆசிட்டின் கெட்டித்தன்மையை, அதாவது கிராவிட்டியை, அளப்பது அது. ரப்பர் குமிழை அழுத்தியபடி குழாயைச் செல்லுக்குள் விட்டு மெதுவாகக் கையைத் தளர்த்தினால் ஆசிட் கண்ணாடிக்குள் ஏறும், உள்ளே மிதவை எழும்பும். மிதவை சுவரில் ஒட்டாமல் நிற்க வேண்டும். குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். படித்த ஆசிட்டை எடுத்த செல்லிலேயே திரும்ப விட வேண்டும். படூரில் ஒரு வீட்டு இன்வெர்ட்டரில் வரிசையாக எடுத்தேன்: 1240, 1235, 1240, 1150, 1240, 1235. மீட்டரில் மொத்தம் 12.4 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றார் வீட்டுக்கார அம்மா. நாலாவது செல்லின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினேன். ஆசிட் கலங்கிப் பழுப்பாக இருந்தது. மற்ற ஐந்திலும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அந்த ஒரு செல்தான் வீட்டை இருட்டாக்கிக்கொண்டிருந்தது. நிறத்தையும் நம்பரையும் சேர்த்துப் படிக்கக் கற்றவருக்குப் பேட்டரி மூன்று மாதம் முன்பே சொல்லிவிடும்.

தண்ணீர் ஊற்றுவதில் நடக்கும் அநியாயம் தனி. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் போகிறது, ஆசிட் போவதில்லை. அதனால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கிராவிட்டி குறைந்திருக்கிறது என்று ஆசிட் ஊற்றினால் பிளேட் இன்னும் வேகமாக அரிக்கும். இந்தக் கரையில் போர்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு. கோவளம் போகும் வழியில் உப்பளம் இருப்பதே அதற்குச் சாட்சி. குளோரைடும் இரும்பும் பேட்டரிக்கு விஷம். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும், கேன் தண்ணீரில் ருசிக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். ஏசியிலிருந்து சொட்டுவது டிஸ்டில்டு மாதிரிதானே என்று பிடித்து வைக்கிறவர்கள் உண்டு. அது செம்புக் குழாய் மேலும் அலுமினியத் தகட்டு மேலும் தூசியோடு வடிந்து வருவது. ஐந்து லிட்டர் கேன் டிஸ்டில்டு வாட்டரின் விலையைப் பேட்டரி விலையோடு வைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கனம் எதற்கு என்று புரியாது. ஊற்றுவதும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜில் மட்டம் உயர்ந்து ஆசிட் வெளியே வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம்.

அடுத்தது வெயில். நம் நாட்டில் பேட்டரியின் திறனை 27 டிகிரியில் கணக்கிடுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் திறந்தவெளியில் நிற்கும் கேரவனின் பேட்டரிப் பெட்டியில் கையை வைக்க முடியாது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. சூட்டில் சார்ஜ் வோல்டேஜையும் குறைக்க வேண்டும். ஒரு செல்லுக்கு டிகிரிக்கு 4 மில்லி வோல்ட் என்று வைத்தால், ஆறு செல்லுக்கு 24. வெப்பம் 25-லிருந்து 40 டிகிரிக்குப் போனால் 0.36 வோல்ட். அதாவது 14.4-ல் ஏற்ற வேண்டியதை 14-ஐ ஒட்டி நிறுத்த வேண்டும். நல்ல சார்ஜரிலும் சோலார் கன்ட்ரோலரிலும் பேட்டரிமேல் ஒட்டுவதற்கு ஒரு வெப்ப சென்சார் கொடுப்பார்கள். நான் பார்க்கும் வண்டிகளில் அது பெரும்பாலும் அட்டைப் பெட்டியிலேயே பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கும். பெட்டியை சைலன்சர் பக்கம் கட்டாமல் இருந்தாலே பாதி பிரச்சினை தீரும். காற்றோட்டம் கட்டாயம்; ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். படுக்கைக்கடியில் ஆசிட் பேட்டரியை அடைத்து மேலே மெத்தை போடுகிறவர்களிடம் நான் பணிவாகப் பேசுவதில்லை.

கடல் காற்று டெர்மினலில் வேலை செய்யும். கோவளத்துப் படகுக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துடைக்காத டெர்மினலில் சீக்கிரமே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பு கரண்டைத் தடுக்கும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.6 போய்ச் சேரும். வாழ்நாள் முழுக்க அரை வயிறு. நெகட்டிவை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டது. காய்ந்ததும் பாசிட்டிவை முதலில் மாட்டி, இறுக்கி, அதன் பிறகு மேலே வேசலின் தடவ வேண்டும். கிரீஸை முதலில் அப்பிவிட்டு கிளாம்ப்பை மாட்டக் கூடாது.

புயல் வந்தால் எல்லாப் பாடமும் ஒரே ராத்திரியில் பரீட்சையாகும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2022 டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறிய மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் அடிமட்டம்வரை இறங்கி நாள்கணக்கில் அப்படியே நிற்கும். கரண்ட் திரும்பி வந்ததும் ஜனங்கள் முதலில் போனைச் சார்ஜ் செய்வார்கள். அந்த நேரத்தில் நான் சொல்வது, வேறு எந்த லோடும் இல்லாமல் பேட்டரியை ஒரு முழு நாள் சார்ஜில் விடுங்கள் என்பதுதான். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைத் தொடாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் குளோரின் வாயு வரும் அபாயம் உண்டு.

இளைஞர்கள் கட்டும் வண்டிகளில் கணக்குத்தான் இடிக்கும். "அண்ணா, பேட்டரில ராத்திரி முழுக்க ஏசி ஓடணும்" என்பார்கள். காகிதத்தை எடுப்பேன். 150 ஏஎச், 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட்-மணி. பாதியோடு நிறுத்த வேண்டும், 900. இன்வெர்ட்டரில் போகிறது போக 750 கையில் நிற்கும். ஒரு டன் ஏசி ஆயிரம் வாட் கேட்கிறது. முக்கால் மணி. அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் ஈயப் பேட்டரி எழுதிய அளவைக் கொடுக்காது, ஆகவே அரை மணி என்று வையுங்கள். அதே பேட்டரியில் 30 வாட் பிஎல்டிசி விசிறியை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் 240 வாட்-மணி. மாடியில் 200 வாட் சோலார் பலகை இருந்தால் நல்ல வெயிலில் நாளைக்கு 800 வாட்-மணி அளவுக்குத் திரும்ப வரும், வண்டியை மரத்தடியில் நிறுத்தாதவரைக்கும், பலகைமேல் படிந்த உப்புத் தூசியைத் துடைக்கிறவரைக்கும்.

இப்போது எல்லோரும் லித்தியம் கேட்கிறார்கள். கேரவனுக்கு வருவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட். நாலு செல், 12.8 வோல்ட். எடை பாதிக்கும் குறைவு, ஆழமாக இறக்கினாலும் கோபப்படாது, ஆயிரக்கணக்கான சுற்று தாங்கும். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிய இடத்தில் அப்படியே மாட்டினால் வம்பு. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும். சோழிங்கநல்லூர் சிக்னலில் இன்ஜின் மெல்ல ஓடும் நேரத்தில் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கொட்டிக் கொட்டிக் கருகிவிடும். நடுவில் டிசி-டு-டிசி சார்ஜர் ஒன்று அளந்து கொடுக்க வேண்டும். பழக்கமும் தலைகீழ். ஈயப் பேட்டரியை நிறுத்தி வைப்பதானால் முழுவதும் நிரப்பி வைக்க வேண்டும். லித்தியத்தை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பாதியளவில் வைப்பதே நல்லது. நூறு சதவீதத்தில், அதுவும் வெயிலில் வைத்தால் உள்ளுக்குள் முதுமை வேகமாக வரும். இரண்டுக்கும் பொது விதி ஒன்று உண்டு. எதையும் காலியாக விட்டுப் போகக் கூடாது.

ஆயுள் முடிந்த ஈயப் பேட்டரிக்கும் மதிப்புண்டு. ஈயம் கிட்டத்தட்ட முழுவதும் உருக்கித் திரும்ப எடுக்கக்கூடியது. எடை போட்டுப் பணம் கழித்துத்தான் புதியதைக் கொடுக்கிறோம். 2001-லேயே பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்று விதி வந்தது. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் அழுத்தமாக வைத்தன. நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டால் ஆசிட்டை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தைக் கொல்லையில் உருக்குகிறார்கள். அந்தப் புகை முதலில் போவது அங்கே விளையாடும் குழந்தைகளின் உடம்புக்குள்.

இத்தனையும் எல்லா டிரைவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், பேட்டரிகள் செத்துக்கொண்டே இருந்தன. காரணம் எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. கேரவனில் டிரைவர் மாறுவார், ஹெல்பர் மாறுவார், லொகேஷன் மாறும். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஏசி குளிர்ந்தால் போதும். பேட்டரி எல்லோருடையதும், யாருடைய வேலையும் இல்லை. அடுக்குமாடியின் பொது இன்வெர்ட்டருக்கும் இதே கதிதான்.

நாலைந்து வண்டி வைத்திருக்கும் ஒரு கேரவன் முதலாளி மட்டும் வேறு மாதிரி செய்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஹெல்பரின் பெயரைச் சொல்லி, பேட்டரி உன் பொறுப்பு என்றார். அதற்கென்று மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டினார். பேட்டரிப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒரு சின்ன நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னது நான். மாதம் ஒரு வரி: தேதி, தண்ணீர் மட்டம், ஆறு செல்லின் கிராவிட்டி, டெர்மினல் துடைத்ததா, கட்-ஆஃப் திருப்பியதா. ஓரத்தில் கையெழுத்து. அவர் வண்டிகளின் பேட்டரி வாரன்டி முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற வண்டிகளில் இருக்கும் அதே கம்பெனி, அதே ரகம்தான். சர்வீஸுக்கு வந்தால் நான் மீட்டரை எடுக்கும் முன் அந்த நோட்டைத்தான் புரட்டுகிறேன். கையெழுத்து விடுபட்ட மாதம் எதுவோ, கோளாறு அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.